காரம் அடங்காத சோப்பு

கோத்தகிரிக்கு மேலே, பனி இறங்கும் சரிவில் ஒரு ஜெப வீடு இருந்தது. அங்கிருந்த பெண்கள் தோட்டத்தில் லாவெண்டர் வளர்த்தார்கள். பூவைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, குளிரில் வெடித்த கைகால்களுக்குத் தைலம் செய்தார்கள். சோப்பும் செய்தார்கள். கேட்டு வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள்.

அந்த வீட்டின் குரு எப்சிபா அம்மா. சிஷ்யை ஞானசுந்தரி அவரைவிட வயதில் மூத்தவள். பிள்ளைகளையெல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவள்.

அங்கே ஒரு வழக்கம். சோப்பு கொடுக்கிறவள் கண்ணை மூடி, வாங்க வந்தவருக்காக ஜெபம் சொல்லிக்கொண்டேதான் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால், வேண்டியவர்களுக்குப் பெரிய கட்டியாகக் கை தேடும் அல்லவா, அதற்காக.

ஒரு நாள் காலை, கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து கோகிலா வந்தாள். தோளில் பச்சைக் குழந்தை.

"கடை சோப்பு இவனுக்கு ஒத்துக்கலைங்கம்மா. உங்க சோப்பு ஒண்ணு குடுங்க."

ஞானசுந்தரி கண்ணை மூடினாள். குழந்தைக்காக உருகி ஜெபித்தாள். ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

கோகிலா போய் வெகுநேரம் கழித்துத்தான் ஞானசுந்தரி பலகையைப் பார்த்தாள். காய்ந்த சோப்பு வைக்கும் கீழ்ப்பலகை குறையாமல் நிறைந்திருந்தது. மேல்பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

மேல்பலகையில் இருந்தது நேற்று ஊற்றிய சோப்பு. காஸ்டிக் சோடாவின் காரம் இன்னும் அடங்காதது. ஒரு மாதமாவது காய வேண்டும். நிறத்தில் வித்தியாசம் இல்லை. மணமும் அதே லாவெண்டர் மணம்தான்.

அந்தக் காரம் ஒருமுறை அவள் புறங்கையில் தெறித்திருக்கிறது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தாள்.

ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மெழுகுவர்த்தியை ஏற்றி முழங்காலிட்டாள்.

எப்சிபா அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பட்டப்பகல்ல என்ன அக்கா இது, கதவையெல்லாம் சாத்திக்கிட்டு?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "பயம் நீங்கட்டும்னு ஜெபம் பண்றேம்மா. நீங்கினதும் போய்ச் சொல்லிடறேன்."

"எதுக்குப் பயம்?"

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"அப்புறம்?"

ஞானசுந்தரி தலை குனிந்தாள். "லைன்ல எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டுவாங்க. ஜெப வீட்டுப் பேரும் போயிடும்."

குரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

"கிளம்புங்க."

"தனியா போகப் பயமா இருக்கும்மா."

"தனியா ஏன் போறீங்க? அந்தப் பயத்தையும் கூட்டிட்டுப் போங்க."

சரிவெல்லாம் பனி. பாதை காலடியில் மட்டும்தான் தெரிந்தது. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினாள். ஓரிடத்தில் வழுக்கி விழுந்தாள். எழுந்தபோது கீழேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. வீறிட்ட அழுகை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் அவள் வாயில் எந்த ஜெபமும் வரவில்லை.

கோகிலாவின் வாசலில் அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. கல்லின் மேல் சோப்பு கிடந்தது. ஈரமாக.

ஞானசுந்தரி கதவைத் தட்டினாள்.

கோகிலா வெளியே வந்தாள். "வாங்க மகராசி! நல்ல சோப்பு குடுத்தீங்க!"

"பிள்ளை... பிள்ளை மேல போட்டியாம்மா?"

"என் கையைப் பாருங்க முதல்ல." மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. "எது வந்தாலும் என் மேல போட்டுப் பார்க்காம இவனைத் தொட விடமாட்டேன். கூட ஒரு மனுஷி இல்லாம வளர்க்கிறேன், பயம் இருக்காதா?"

"அப்ப ஏன் அழறான்?"

"பசிச்சா அழமாட்டானா? நீங்கதான் பிள்ளை பெத்தவங்களாச்சே!"

ஞானசுந்தரி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடியபடி பலகை மாறி எடுத்ததை மறைக்காமல் சொன்னாள். கோகிலாவின் கையைப் பிடித்து, குடத்துத் தண்ணீரை நெடுநேரம் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கோகிலா திட்டி முடிக்கிற மாதிரி இல்லை. "கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிடலாம், சோப்பு எடுப்பாங்களா?" என்றாள். பிறகுதான் ஞானசுந்தரியின் முழங்காலைப் பார்த்தாள். சேலை கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. வெறுங்கால்.

குடத்தை வாங்கி அந்தக் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"நாளைக்கு நல்ல சோப்பா எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க. நீங்களே குளிப்பாட்டி விடுங்க. இவனைத் தண்ணியில பிடிக்கவே எனக்குக் கை வரமாட்டேங்குது."

ஞானசுந்தரி மேலே வந்தபோது எப்சிபா அம்மா தைலத்தைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை?"

"நல்லா இருக்கான்மா. கர்த்தர் காப்பாத்தினார்." கோகிலா கேட்டதையும் சொன்னாள். "நான் மாட்டேன்மா. எனக்கு இன்னும் பயம் போகலை. வேற யாரையாவது அனுப்புங்க. பயமில்லாத ஒருத்தியா பார்த்து அனுப்புங்க."

குரு துணியைப் பிழிந்து வைத்தார்.

"பயமில்லாதவ கையில பச்சைப் பிள்ளையை எப்படி அக்கா குடுக்கறது?"