ஆளில்லாமல் நின்ற அங்கி

துருக்கி மலைச்சீமையில் துர்முஷ் என்றொரு இடையன் இருந்தான். அவனைத் துரத்திவிட்டுத் தன் மச்சானை வேலைக்கு வைக்கப் பண்ணையார் ரூஸ்தெம் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் கல்யாணத்தன்று அவர் சொன்னார்: "இன்றைக்கு விருந்தில் நீதான் பரிமாற வேண்டும். ஆனால், மேட்டில் ஆடுகளோடு உன்னைக் காணவில்லை என்றால் வேலை போய்விடும்!"

துர்முஷ், "ஆகட்டும் எஜமான்" என்றான்.

இடையர்கள் போடும் அங்கி ஆட்டுமயிரை மிதித்து மிதித்து இறுக்கிச் செய்தது. கழற்றி வைத்தால் பலகைபோல விறைத்து நிற்கும். துர்முஷ் அதை மேட்டில் நிறுத்தி, உள்ளே கம்பை நட்டுத் தொப்பியை மாட்டினான். நாய்களைக் காவல் வைத்துவிட்டு விருந்துக்கு இறங்கினான்.

பந்தி முடிந்ததும் பண்ணையார் சம்பந்தியோடு மேடேறினார். தூரத்தில் அங்கி தெரிந்ததும் குதித்தார்.

"அகப்பட்டாயா! பரிமாற வராமல் இங்கேயா நிற்கிறாய்? திரும்பிப் பாரடா!"

அது திரும்பவில்லை. கிட்டே போய்ப் பிரம்பால் ஒரு அடி போட்டார். அங்கி அப்படியே சாய்ந்தது.

பின்னாலேயே தட்டோடு வந்த துர்முஷ் பணிவாகக் கேட்டான்: "எஜமான், நிமிர்ந்து பாராமலே மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அதைப் பரிமாறியது யார்?"

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பண்ணையாரிடம் சொன்னார்:

"இந்த இரண்டு இடையர்களையும் வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள் சம்பந்தி! ஒருவனுக்குத்தானே சோறு போட வேண்டும்!"