போட்டோவில் உள்ளபடியே அருவி

மேற்கு மலை அடிவாரத்தில் நண்டுப்பாறை என்று ஓர் ஊர். அங்கே அருவி ஒன்று, சங்கம் ஒன்று. அருவியின் வயது யாருக்கும் தெரியாது. சுற்றுலாத் தொழில் செய்வோர் சங்கத்துக்கு வயது நாலு மாதம், உறுப்பினர்களும் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு அவர்கள் மேல் பிரியம் உண்டு.

தலைவர் பூலுடையார், இரண்டு அறை வைத்து லாட்ஜ் நடத்துகிறவர். செயலாளர் கோமதிநாயகம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் மசாஜ் செய்கிறவர். சப்பாணிமுத்து துண்டு வாடகைக்கு விடுகிறவர். நாலாவது ஆள் பஜ்ஜிக்கடை இசக்கியம்மாள்.

இசக்கியம்மாளுக்குத்தான் கவலை அதிகம். அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை கிடையாது. குடும்பமாக வருகிறவர்கள் காரை விட்டு இறங்காமலே திரும்பிவிடுவார்கள். "இந்த வருசமும் அந்த ரூம் வரலன்னா கடைய மூடிட்டு திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். மற்ற மூவருக்கும் மூன்று வேளைச் சாப்பாடும் அவள் கடையில்தான். சங்கம் ஆடிப்போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, சுற்றுலாத் தொழில் செய்கிறவர்களுக்கென்று அரசு உதவித் திட்டம் ஒன்று வந்தது. உடை மாற்றும் அறையும் கட்டித் தருவார்களாம். சித்திரை வெயிலில் டவுன் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து, அருவியை ஒரு போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பினார்கள்.

ஆனி பிறந்து பதில் வந்தது. பூலுடையார் சட்டைப் பித்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படித்தார். அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் அதிகாரி ஆய்வுக்கு வருவார். அப்போது இடம், விண்ணப்பத்துடன் இணைத்த புகைப்படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மாறுதல் காணப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

நாலு பேரும் போட்டோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இதுல அருவி நூலு கணக்கா விழுது," என்றார் கோமதிநாயகம். "இப்பம் சாரல் பிடிச்சு ஆனத்தண்டிக்கு விழுதே, என்ன செய்ய?"

"கொறைக்கணும்," என்றார் பூலுடையார்.

மூன்று நாள் மலைமேல் ஏறி மணல்மூட்டை அடுக்கினார்கள். அருவி மெலிந்தது. தண்ணீர் சும்மா இருக்குமா? வேறு வழி பார்த்து இறங்கி பூலுடையாரின் லாட்ஜுக்குள் புகுந்தது. அவர் கட்டில்மேல் ஏறி நின்று யோசித்தார்.

"பரவால்லவே. லாட்ஜு போட்டோல இல்ல," என்றார்.

"போட்டோல மசாஜ் பலகையில ஒரு வழுக்கத்தலைக்காரர் படுத்திருக்காரே?" என்றார் சப்பாணிமுத்து.

அவர் கரூர் கொசுவலை வியாபாரி. கோமதிநாயகத்திடம் அவர் போன் நம்பர் இருந்தது. "அண்ணாச்சி, நீங்க கவர்மெண்டு பைல்ல இருக்கிய. வரலன்னா என்ன ஆகும்னு எங்களால சொல்ல முடியாது" என்றார். மனிதர் பயந்து அடித்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார். ஆய்வு எந்த நாள் என்று தெரியாததால் கோமதிநாயகம் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை தேய்த்தார். மூன்றாம் நாள் கரூர்க்காரர் பலகையில் நிற்காமல் வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தார். தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டுத் தேய்த்தார்கள்.

போட்டோவில் இசக்கியம்மாளின் சட்டியில் ஒரே ஒரு பஜ்ஜி மிதந்தது. அவளும் ஒரு பஜ்ஜியைப் போட்டுக் கரண்டியும் கையுமாக நின்றாள்.

சாரல் செய்தி கேட்டு ஐந்தாம் நாள் ஆறு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நண்டுப்பாறை அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதே இல்லை. பூலுடையார் கும்பிட்டபடி ஓடினார்.

"அய்யாமாரே, தாய்மாரே, தயவு செஞ்சு திரும்பிப் போங்க! இங்க சுற்றுலா வளர்ச்சி வேல நடக்கு!"

"நாங்க சுற்றுலாதானய்யா வந்திருக்கோம்?" என்றார் ஒருவர்.

"போட்டோல ஒருத்தர்தான் இருக்காரு. அவரு அஞ்சு நாளா வந்து படுத்திருக்காரு, பாருங்க."

ஒரு சின்னப்பெண் வந்து பஜ்ஜி கேட்டது. இசக்கியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கரண்டியில் அள்ளிவிட்டாள்.

"மதினி! பஜ்ஜி சட்டியிலதான் இருக்கணும்!" என்று சப்பாணிமுத்து அலறினார்.

பஜ்ஜி சட்டிக்கே திரும்பியது. "ரூம் வரட்டும் தாயி, அப்பறம் உங்கம்மாவோட வா" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வேனும் திரும்பிப் போயின.

மறுநாள் அதிகாரி இன்பசேகர் ஜீப்பில் வந்தார். கையில் போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"அருவி, சரி. பயணி ஒருவர், சரி. பஜ்ஜி ஒன்று, சரி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷ சர்வீஸ்ல, பேப்பர்ல இருக்கிறபடியே இருக்கிற இடத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அங்கேயே பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இசக்கியம்மாள் அருவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஒரே ஒரு பார்மாலிட்டி பாக்கி. ஆய்வு செஞ்ச அதிகாரியும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்."

அவர் அருவிக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நிற்க, டிரைவர் போனில் படம் எடுத்தார். அங்கிருந்தபடியே வாங்கிப் பார்த்து ஆபீசுக்கு அனுப்பியும் ஆயிற்று.

"இரண்டாவது ஆய்வு முடிஞ்சதும் ரூம் கட்ட ஆரம்பிச்சிடுவோம். அதுவரைக்கும் இடம் இந்தப் போட்டோவுல உள்ளபடியே இருக்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கக் காலை எடுத்தார்.

"சார்!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

எடுத்த கால் அப்படியே நின்றது.

"போட்டோல நீங்க இருக்கிய சார்," என்றார் பூலுடையார்.

அதிகாரி போனை மறுபடியும் வாங்கிப் பார்த்தார். இருந்தார். விதியை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு காலைத் திரும்பப் பாறையிலேயே வைத்துக்கொண்டார்.

கரூர்க்காரர் பலகையிலிருந்து தலையை மட்டும் தூக்கி, "போகப் போகப் பழகிக்குங்க சார்" என்றார்.

"ரெண்டாவது ஆய்வு எப்பம் சார்?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"ஆறு மாசம் கழிச்சும்மா."

"யாரு சார் வருவாவ?"

"நான்தான் வரணும்" என்ற அதிகாரி, ஊருக்கு வரும் பாதையைக் கவலையோடு பார்த்தார். நாலு பேரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். பாதையில் யாரும் வரக் காணோம்.

"கவலப்படாதீய சார்," என்றாள் இசக்கியம்மாள். "நீங்க சொன்ன சொல்லு மாறாத ஆளு, கண்டிப்பா வந்துருவிய. நீங்க வந்து பாக்குற வரைக்கும் நீங்க அசையாம நில்லுங்க, போதும்."