செத்த கிருமியின் உயில்

மாமனார் எழுதிய உயிலால் கல்யாண மண்டபத்துக்கு முதலாளியானவர் என்று ஊரே அறிந்த பூவராகன், உணவுப் பரிசோதனைக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். அவர் மண்டபத்துப் பாயசத்தைக் குடித்து நாற்பது பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். மறுநாளோ இரண்டாயிரம் இலை போடும் கல்யாணம். அதற்குள் பாயசம் குற்றமற்றது என்று சான்றிதழ் வேண்டும்.

மீந்த பாயசத்தைத் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ஆகவே கிருமி வளர்க்கும் தட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"எல்லாம் செத்தாச்சு. செத்தது என்ன பண்ணும்? கையெழுத்துப் போடுங்க."

கூடத்து அதிகாரி பேனாவைத் திறந்தார். பதினெட்டு வருஷமாக அங்கே தட்டுக் கழுவும் அஞ்சலை குறுக்கே வந்தாள்.

"ஐயா, உங்க மாமனார் இருக்காருங்களா?"

"அவர் போய்ப் பத்து வருஷமாச்சு."

"அப்ப அவர் எழுதின உயில் செல்லாதுங்களா?"

"ஆள் செத்தா என்னம்மா? எழுதினது எழுதினதுதான்."

"சில கிருமிக்கும் அப்படித்தானுங்க. உயிரோட இருந்தப்ப கக்கிவச்ச நஞ்சு கொதிச்சாலும் போகாது. அதுக்குன்னு தனிச் சோதனை இருக்கு."

அதிகாரி பேனாவை மூடினார். நஞ்சைக் காட்டும் பட்டையைப் பாயசக் கரைசலில் நனைத்தார். நஞ்சு உண்டு என்று இரண்டு கோடுகள் சிவந்தன. பூவராகன் காலை இறக்கிக்கொண்டார்.

அறிக்கையில் அதிகாரி எழுதினார்: "கிருமி காலமாகிவிட்டது. வாரிசு இருக்கிறது."