ஊரே கண் மங்கிய கதை

முன்னொரு காலத்தில் தாழைநாடு என்று ஒரு நாடு. நெடுவழுதி என்ற ராஜா அதை ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவனுக்கு மருதவாணர் என்று ஒரு மந்திரி. எல்லாம் தெரிந்தவர், தெரிந்து தெரிந்தே அலுத்துப்போனவர். சொல்கிற எனக்கும் அலுப்புத்தான். என்ன செய்ய, இந்தக் கதை பழசாகவே மாட்டேன் என்கிறது.

அந்த நாட்டில் தண்டோரா முழுக்க அகளங்கன் என்பவன் கையில். எந்தத் தெருவில் என்ன சேதி சொல்வது என்று அவன்தான் தீர்மானிப்பான். மந்திரி பதவி மேல் அவனுக்கு வெகுநாளாகவே ஆசை.

ஒருநாள் அகளங்கன் செக்குக்காரி சொக்கநாச்சியிடம், "வீட்டில் கல்யாணம். ஒரு குடம் நல்லெண்ணெய் சும்மா அனுப்பு" என்றான்.

"மாடு சும்மா சுத்தாது சாமி" என்று சொல்லிவிட்டாள் அவள்.

அவ்வளவுதான். மறுநாளே தண்டோரா போட்டாயிற்று. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது! சொக்கநாச்சி எண்ணெயைத் தின்றால் கண் மங்கும்! டும் டும்!"

பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப்பேருக்குக் கண் மங்கிவிட்டது. அவள் கடைப்பக்கமே போகாதவனுக்கும் மங்கிவிட்டது. கூட்டம் அரண்மனைக்குத் திரண்டு வந்து, "அவளை நாட்டை விட்டுத் துரத்துங்கள்!" என்று கத்தியது.

சொக்கநாச்சியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். "மகாராசா, எனக்குன்னு இருக்கிறது அந்தச் செக்கும் ரெண்டு மாடும்தான். துரத்திவிட்டா நான் எங்க போவேன்?" என்று அழுதாள்.

ராஜா கண்ணைக் கசக்கினான். "எனக்கே காலையிலிருந்து மங்கலாக இருக்கிறதே, மந்திரியாரே! சாப்பாட்டில் கறிவேப்பிலை எது, கொத்தமல்லி எது என்று தெரியவில்லை."

"அரண்மனைக்கு எண்ணெய் அரண்மனைச் செக்கிலிருந்துதானே வருகிறது, மன்னா?"

"காற்றில் பரவியிருக்கும்!" என்று குறுக்கே விழுந்தான் அகளங்கன். "எனக்கும் மங்கல்தான்."

மருதவாணர் பெருமூச்சு விட்டார். "மன்னா, இது எண்ணெய் செய்த வேலை இல்லை. தண்டோரா செய்த வேலை."

அகளங்கன் விழுந்து விழுந்து சிரித்தான். "தண்டோரா சொன்னதையெல்லாம் நம்பியது அந்தக் காலம்! இப்போது ஜனங்கள் உஷார். நாலையும் பார்த்து அவரவரே முடிவு செய்கிறார்கள். நான் சேதி சொன்னேன், அவ்வளவுதான். இல்லை என்று மந்திரியார் காட்டட்டும், தண்டோராவைக் கீழே வைக்கிறேன். காட்டாவிட்டால் அவர் பதவியை விட்டு வீட்டுக்குப் போகட்டும்."

"வீட்டுக்குப் போவது எனக்குப் பரிசு, அப்பா. இந்தப் பெண்ணுக்காகத்தான் யோசிக்கிறேன்" என்றார் மருதவாணர். "மன்னா, ஒரே ஒரு தண்டோரா போட எனக்கு அனுமதி கொடுங்கள். அதுவரை இவள் இங்கேயே இருக்கட்டும்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "போடும்! ஆனால் நாளைக்குள் நிரூபிக்காவிட்டால் இவள் எல்லை தாண்டிவிட வேண்டும்" என்றான்.

அன்றைக்கே தண்டோராக்காரன் தெருத்தெருவாகப் போனான். "கண் மங்குவதற்குக் காரணத்தை வைத்தியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பொறுக்காதவனுக்குத்தான் கண் மங்குமாம்! மங்கியவர்கள் எல்லாரும் நாளைக் காலை அரண்மனை வாசலில் வந்து பெயர் கொடுக்கவும்! டும் டும்!"

மறுநாள் காலை வாசலில் ஈ காக்கை இல்லை. ஆனால் யார் யார் பெயர் கொடுக்க வருகிறார்கள் என்று பார்க்க ஊரே எதிர்ச்சாரியில் நின்றது. அத்தனை தூரத்திலிருந்தும் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது பாருங்கள்!

சபை கூடியது. "மன்னா, தங்கள் கண் எப்படி?" என்றார் மருதவாணர்.

"எனக்கென்ன? கோபுரத்துப் புறா கண் சிமிட்டுவதுகூடத் தெரிகிறது!"

"அகளங்கரே, உமக்கு?"

"எத்தனை தடவை சிமிட்டியது என்றே சொல்வேன்!"

"ஆக, கண் மங்கியவர் இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. பிறகு இந்தப் பெண் செய்த குற்றம் என்ன?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "எந்த வைத்தியர் ஐயா அதைக் கண்டுபிடித்தது?"

"எவரும் இல்லை, மன்னா. நான்தான் சொன்னேன். அவன் பொய்யை என் பொய்யால் அடித்தேன். ஜெயித்தும் எனக்குச் சந்தோஷமில்லை."

ராஜா சொக்கநாச்சியிடம், "உன் செக்கும் மாடும் உனக்கே. நானும் ஏமாந்துவிட்டேன் அம்மா" என்றான். ஓசி எண்ணெய் கேட்ட சங்கதியை அவள் அப்போதுதான் சொன்னாள். ராஜா மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். பந்தயப்படி தண்டோராவைக் கீழே வைத்த அகளங்கனைத் தண்டோராக்காரன் பின்னாலேயே நடக்கவிட்டு, "எண்ணெய் ஓசியில் கிடைக்காததால் பொய் சொன்னேன்" என்று தெருத்தெருவாகத் தன் வாயாலேயே சொல்லவைத்தான். கடைசியில் ராஜாவின் ஆணையும் வந்தது. "இனிமேல் தண்டோரா சொல்வதை விசாரிக்காமல் யாரும் நம்பக்கூடாது! டும் டும்!"

ஜனங்கள் ஒரே குரலில், "ஆகட்டும்! இனி நம்பவே மாட்டோம்!" என்றார்கள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மருதவாணர் பக்கத்தில் நின்றவனைக் கேட்டார். "ஏனப்பா, இது சரியா தப்பா என்று கொஞ்சம் யோசித்தாயா?"

"தண்டோராவே சொல்லிருச்சு, அப்புறம் யோசிக்க என்னங்க இருக்கு?" என்றான் அவன்.

மருதவாணர் நேரே சொக்கநாச்சியின் கடைக்கு நடந்தார். மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவரைக் கண்டதும் அவள் எழுந்து கும்பிட்டாள்.

"கொஞ்சம் நல்லெண்ணெய் கொடு தாயி."

"கண்ணுக்கா ஐயா?"

"இல்லை, காதுக்கு. ரெண்டையும் அடைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரணும்."

அத்தனை அழுகைக்குப் பிறகு அப்போதுதான் சொக்கநாச்சி சிரித்தாள். தெருக்கோடியில் மறுபடி டும் டும் என்று சத்தம் கேட்டது. என்ன சேதி என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்றப் போனாள்.