பழுக்காத சீத்தாப்பழம்

ஒரு காட்டில், ஓடைக்கு மேலே மூங்கில் பாலம் ஒன்று இருந்தது. குரங்குதான் கழிகளை வரிசையாக வைத்து, கொடியால் இறுக்கி அதைக் கட்டியது. கட்டும்போது நன்றாகத்தான் கட்டியது. கட்டியதைப் பார்த்துக்கொள்வதில்தான் அதற்குச் சோம்பல்.

அதே காட்டில் ஒரு சருகுமானும் வாழ்ந்தது. முயலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதற்கு எதற்கெடுத்தாலும் கூச்சம். யாராவது அதன் காலை மிதித்துவிட்டால், மிதித்தவரிடம் அதுவே மன்னிப்புக் கேட்கும்.

சருகுமான் தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகும். அத்திமரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைத் தின்றுவிட்டுத் திரும்பும். ஒரு நாள் அது பாலத்தின் நடுவில் கால் வைத்ததும், மடக்கென்று ஒரு கழி முறிந்தது. கழியோடு சருகுமானும் கீழே பாறைமேல் விழுந்தது.

வலி உயிர் போயிற்று. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று முந்திக்கொண்டது. 'ஐயோ, யாராவது பார்த்துவிட்டார்களோ?'

பார்த்துவிட்டார்கள். முள்ளம்பன்றி ஓடிவந்தது. அணில்கள் நாலு பேர் வந்தார்கள். குரங்கு மரத்திலிருந்து இறங்கியது. குரங்கின் சிநேகிதனான நரியும் வந்து நின்றது.

"அடி பட்டுவிட்டதா?" என்றது முள்ளம்பன்றி.

சருகுமான் சட்டென்று எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. "ஒன்றுமில்லை அக்கா, ஒன்றுமில்லை" என்று சிரித்தது.

"நொண்டுகிறாயே! வா, நான் தாங்கிக்கொள்கிறேன்."

"வேண்டாம் அக்கா. நீங்கள் தாங்கினால் வேறு இடத்திலும் வலிக்கும்."

முள்ளம்பன்றிக்குப் பாசம் அதிகம். தன் முதுகில் முள் இருப்பதை அது எப்போதும் மறந்துவிடும். "சரி, இந்த உடைந்த கழியையாவது தண்ணீரில் தள்ளிவிடுகிறேன். வேறு யார் காலிலாவது குத்தப்போகிறது" என்று கழியை இழுத்தது.

"நல்ல காரியம். சீக்கிரம் தள்ளுங்கள்" என்றது நரி.

நரி யாரையும் வேலைக்கு அவசரப்படுத்திச் சருகுமான் பார்த்ததில்லை. திரும்பிக் கழியைப் பார்த்தது. "அது இருக்கட்டும் அக்கா. என் பொந்துக்குப் பக்கத்தில் போடுங்கள். எதற்காவது ஆகும்" என்றது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரால் இன்னொருவருக்கு அடிபட்டால், காரணமானவர் பக்கத்திலிருந்து நாலு பேர் முன்னால் ஒரு பழம் கொடுப்பார்கள். அடிபட்டவர் அதைத் தின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

நரி ஓடிப்போய், முதலில் அகப்பட்ட சீத்தாப்பழத்தைக் கவ்விக்கொண்டு வந்தது.

"தின்றுவிடு தங்கச்சி. ஒன்றுமில்லை என்று நீயே சொல்லிவிட்டாய். குரங்கண்ணன் முகத்தைப் பார். பாவம், அழுதுவிடும் போலிருக்கிறது."

எல்லோரும் சருகுமானையே பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லி அதற்குப் பழக்கமே இல்லை. பழத்தின் பக்கம் ஓர் அடி வைத்தது. முழங்காலிலிருந்து இடுப்புவரை வலி சுரீரென்று ஏறியது.

சருகுமானுக்குக் கொம்பும் இல்லை, முள்ளும் இல்லை. சிறுத்தை வந்தால் கால்தான் உயிர். அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று என்று அது இன்னும் பார்க்கவே இல்லை.

சருகுமான் பழத்தை மெல்லக் கடித்துப் பார்த்தது. கல்லாக இருந்தது.

"நரியண்ணா, இது இன்னும் காயாக இருக்கிறதே."

"அதனால் என்ன? தின்றால் சரி."

"வழக்கம் பழம்தானே அண்ணா? பழுக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்றது சருகுமான், கேட்டும் கேட்காத குரலில்.

"அதுவும் சரிதானே? கல்லைக் கொடுத்துக் கடி என்றால் எப்படி?" என்றது முள்ளம்பன்றி. அணில்களும் ஆமாம் போட்டன. நரி பழத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் முழங்கால் விளாங்காய் அளவுக்கு வீங்கியது. அதற்கும் மறுநாள் அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. நாலாம் நாள் சீத்தாப்பழம் கனிந்து மணந்தது. அன்று நரி, காட்டுத் தலைவரான யானையையே அழைத்து வந்துவிட்டது.

"ஐயா, இத்தனை பேர் முன்னால் இரண்டு முறை 'ஒன்றுமில்லை' என்று சொன்னது இந்த மான். இப்போது பழம் பழுத்தும் தின்ன மறுக்கிறது. கேட்டால் கால் வீங்கியிருக்கிறதாம். எங்கே போய் இடித்துக்கொண்டதோ!"

சருகுமான் தலை குனிந்தது. "சொன்னது உண்மைதான் ஐயா. வெட்கத்தில் சொன்னேன். விழுந்தபோது என் காலை நான் பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்தேன்."

பிறகு, "அந்தக் கழியைக் கொஞ்சம் பாருங்கள் ஐயா" என்றது.

யானை கழியைத் துதிக்கையால் எடுத்துத் தடவியது. மேலே ஒட்டியிருந்த பாசி உரிந்து விழுந்தது. அழுத்தியதும் உள்ளேயிருந்து கரையான் அரித்த தூள் கொட்டியது.

"இதற்குப் பாசி அப்பியது யார்?"

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு முன்னே வந்தது. "நான்தான் ஐயா. போன மாதமே உளுத்துவிட்டது. மாற்றச் சோம்பலாக இருந்தது. பச்சையாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்."

"மான் நடக்கும்வரை அத்திப்பழம் நீ கொண்டுவந்து கொடு. பாலத்துக் கழிகளை எல்லாம் மாற்று. ஒவ்வொரு கழி மாற்றியதும், அதன்மேல் முதலில் நீ குதித்துக் காட்டு" என்றது யானை.

"நரியும் கூடக் குதிக்கலாமா ஐயா?" என்றது குரங்கு.

"தாராளமாக."

நரிக்கு அந்த நேரம் பார்த்து வேறெங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

குரங்கு தினமும் பழம் கொண்டுவந்தது. முதலில் வைத்துவிட்டு ஓடியது. பிறகு உட்கார்ந்து கதை பேசியது. பிறகு மானின் முதுகில் உண்ணி பொறுக்கியது. முள்ளம்பன்றி பச்சிலை கொண்டுவந்து, எல்லோரும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், எட்டி நின்றே கொடுத்தது.

நரி கொண்டுவந்த சீத்தாப்பழத்தை எப்போதோ அணில்கள் தின்றுவிட்டன. கால் ஆறிய அன்று குரங்கே வேறொன்றைக் கொண்டுவந்தது. நாலு பேர் முன்னால் அழுத்திப் பார்த்து, நன்றாகப் பழுத்திருக்கிறது என்று காட்டிக் கொடுத்தது. சருகுமான் பாதியைத் தின்று, மீதியைக் குரங்குக்கே தந்தது.

மறுநாள் காலை சருகுமான் புதுப் பாலத்தில் ஏறியது. கழிகள் உறுதியாக இருந்தன. ஆனால் பனி ஈரத்தில் கால் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"ஒன்றுமில்லையே?" என்று கரையிலிருந்து முள்ளம்பன்றி கேட்டது.

சருகுமான் எழவில்லை. நாலு கால்களையும் ஒவ்வொன்றாக நீட்டியது, மடக்கியது, மறுபடி நீட்டியது.

"இருங்கள் அக்கா, பார்த்துச் சொல்கிறேன்."

நீதி: அடிபட்டவர் முதலில் அடியைப் பார்க்க வேண்டும், "ஒன்றுமில்லை" என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.