அஞ்சுகத்தின் அரிவாள்

குருவின் தோட்டத்தில் கருவிகள் மாட்டுவதற்கென்று ஒரு சுவர் உண்டு. அவரவருக்குப் பிடித்த கருவி அவரவர் ஆணியில் தொங்கும். களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை. நல்லசிவத்தின் ஆணியில் பல் வைத்த கருக்கரிவாள். எண்ணெய் தடவிக் குழந்தை மாதிரி வைத்திருப்பார். தோட்டத்துக்குத் தலைமைச் சீடர் அவர்தான்.

அஞ்சுகத்துக்கு மட்டும் எதுவும் கைக்கு அமையவில்லை. ஐம்பது வயதில் சீடராக வந்தவள். அவளுக்கும் ஓர் அரிவாள் கொடுத்துப் புல் அறுக்கச் சொன்னார்கள். இழுத்தால் புல் மடங்கியது, நழுவியது, வேரோடு வந்தது. அறுபட மட்டும் இல்லை.

"இந்த அரிவாள் அறுக்கவே மாட்டேங்குதுண்ணே."

"அரிவாள் அறுக்கும். உன் கைதான் சரியில்லை," என்றார் நல்லசிவம். "இடது கையில பிடிச்சா எந்தப் புல்லு மதிக்கும்?"

வலது கையில் பிடித்துப் பார்த்தாள். விரலில் கட்டுப் போட்டதுதான் மிச்சம்.

மூன்று மாதம் பொறுத்த நல்லசிவம் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"நாளையிலேருந்து சமையற்கட்டுக்குப் போயிரும்மா. அங்க தேங்காய் துருவ ஆள் இல்லையாம்."

அஞ்சுகம் குருவிடம் வந்து நின்றாள்.

"முப்பது வருஷம் வீட்டுல தேங்காய்தான் துருவினேன் சாமி. செடி கொடி நடுவுல இருக்கணும்னுதான் இங்க வந்தேன். என் கை எதுக்குமே லாயக்கில்லையா?"

குரு அவளைவிட இரண்டு வயது இளையவர். அவள் அரிவாளை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். ஒரு பக்கம் பல் சொரசொரத்தது. மறுபக்கம் வழுவழுவென்று இருந்தது. இடது கைக்கு மாற்றி ஒரு பிடி புல்லை இழுத்தார். புல் மடங்கியது. தலையை ஆட்டிக்கொண்டே கொல்லன் பட்டறைக்கு நடந்தார்.

மறுநாள் காலை சுவரில் புது அரிவாள் ஒன்று மின்னியது. புதிதாக எது வந்தாலும் முதலில் எடுத்துப் பார்ப்பவர் நல்லசிவம். எடுத்தார். வாழைப் பாத்தியில் குனிந்து இழுத்தார். புல் மடங்கியது. மறுபடி இழுத்தார். நழுவியது. மூன்றாம் முறை வேரோடு வந்து மண் மீசையில் தெறித்தது.

"எவன் சாமி இதைச் செஞ்சான்? அறுக்கவே மாட்டேங்குது!"

"அரிவாள் அறுக்கும்," என்றார் குரு. "அஞ்சுகத்துக்கிட்ட குடுங்க."

அவள் பயந்துகொண்டே இடது கையில் வாங்கினாள். குனிந்தாள்.

சரக்.

நிமிர்ந்து கையில் இருந்த புல்லைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். சரக், சரக். அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. பாத்தியின் கோடி வரை போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரிப்பது கேட்டது.

நல்லசிவம் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இடது கைக்கு ஏத்த மாதிரி, பல்லை மறுபக்கம் வெட்டித் தரச் சொன்னேன்," என்றார் குரு.

நல்லசிவத்துக்கு உயிர் வந்தது. மீசை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அப்படிச் சொல்லுங்க! அப்போ என் கையில குறை ஒண்ணும் இல்லையே சாமி?"

"அது தெரிய மூணு மாசம் ஆகும்," என்றார் குரு. "அதுவரைக்கும், சமையற்கட்டுல தேங்காய் துருவ ஆள் இல்லையாமே?"