ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு தப்பு

"டீச்சர், உங்க நாவல்ல பெரிய தப்பு ஒண்ணு இருக்கு!"

மாடிப்படி ஏறி வந்த இசக்கியப்பனுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மர்ம நாவல் எழுதக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாகப் பிலோமினாவிடம் வருகிறார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அதற்குள் இருபத்திரண்டு நாவல் எழுதிவிட்டாள்.

இருபத்துமூன்றாவதைப் பிழை பார்க்க அவரிடம் கொடுத்திருந்தாள், கடைசி அத்தியாயம் மட்டும் இல்லாமல்.

"என்ன தப்பு சார்?"

"நாலாம் அத்தியாயத்துல சமையல்காரர் அந்தோணிக்குப் பிறவியிலேயே காது கேட்காதுன்னு எழுதியிருக்கீங்க. ஒன்பதாவதுல யாரோ முதுகுக்குப் பின்னால 'அந்தோணி'ன்னு கூப்பிடுறாங்க. மனுஷன் திரும்பிப் பார்க்கிறார்!"

"தப்புன்னா அடிச்சிடுங்க."

இசக்கியப்பன் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொட்டது.

அங்கேயே நின்றது.

இருபத்திரண்டு நாவல் எழுதியவள். இவளா இதைக் கவனிக்காமல் விட்டிருப்பாள்?

பேனாவை மூடினார்.

"டீச்சர்! அவனுக்குக் காது கேட்குது!"

"ம்?"

"நடிக்கிறான்! அந்த வீட்ல எல்லாரும் அவன் முன்னாடியே ரகசியம் பேசுறாங்க. செத்தவரோட பெட்டிச் சாவி எங்க இருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சிக்கிட்டான். கொலைகாரன் அந்தோணி! என்ன மூளை டீச்சர் உங்களுக்கு!"

பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கதையில வர்ற டாக்டரைத்தான் கொலைகாரன்னு நினைச்சிருந்தேன் சார். ஒரு மாசமா மல்லுக்கட்டறேன். கடைசி அத்தியாயத்துல ஒரு வரி நகரல."

"அப்போ அந்தோணி திரும்பினது?"

"அவருக்குக் காது கேட்காதுங்கிறதையே மறந்துட்டேன்."

அவர் முகம் வாடிப்போனது. வெட்கமாக இருந்தது.

"உங்க தப்பைப் போய் நம்பிட்டேனே. நான் ஒரு மடையன். அடிச்சிடுறேன்."

பேனாவை அந்த வரிமேல் வைத்தார்.

பிலோமினா பாய்ந்து பேனாவைப் பிடுங்கினாள். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு அதே சிவப்பு மையில் எழுதத் தொடங்கினாள். ஒரு பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கமும்.

இசக்கியப்பனால் உட்கார முடியவில்லை.

"டீச்சர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் அதை நம்பினது சரியா, தப்பா?"

"உஷ்!" அவள் தலை நிமிரவில்லை. "குறுக்கே பேசாதீங்க சார். அந்தோணி இப்பதான் வாயைத் திறந்திருக்கார்."